‘என்ஏ’ என்று மறுமுனை சொன்னால்

பாம்பன் தெற்குவாடியில் வலைக் கொட்டகை ஒன்றில் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி ஒன்று. தொண்டியில் ஐஸ் கம்பெனி அறையில் இன்னொன்று. தங்கச்சிமடத்து வியாபாரி கையில் ஓர் ஆண்ட்ராய்டு போன். காலை ஏலத்தில் நண்டும் கணவாயும் என்ன விலைக்குப் போயின, கச்சான் எப்படி வீசுகிறது என்பதை இந்த மூன்றும் நடுவில் சர்வர் இல்லாமல் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்குக் கையில் எடுக்கத் தகுந்தது லிப்பி2பி. கோப்புகளை முனைகளே தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஐபிஎஃப்எஸ் திட்டத்திலிருந்து தனியாகப் பிரிந்து வந்த நிரல் நூலகம் அது. கோ, ரஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட் என்று பல மொழிகளில் கிடைக்கிறது.

இந்தப் பதிவு அதில் ஒரே ஒரு பகுதியைப் பற்றியது. இரண்டு முனைகள் தொட்டுக்கொண்டதும் ‘எந்த நெறிமுறையில் பேசப்போகிறோம்’ என்று முடிவு செய்துகொள்ளும் பகுதி. பிங் போகிறது, போர்ட் திறந்திருக்கிறது, ஆனாலும் இணைப்பு நிலைக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நம் கடற்கரையில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். எல்லாமே செல்போன் நெட்வொர்க் மேல் ஓடுகிறது என்பது ஒரு காரணம். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுத் தொழிலை ஒட்டிய கொட்டகைகளில் கருவிகள் அணைந்து கிடக்கும் என்பது இன்னொன்று. இந்த 61 நாள் கடைசிவரை நம் கூடவே வரும்.

கம்பியில் ஓடும் பைட்கள்

முடிவு செய்யும் வேலையைப் பார்ப்பது மல்ட்டிஸ்ட்ரீம்-செலக்ட் என்ற சிறிய நெறிமுறை. ஒவ்வொரு செய்திக்கும் மூன்று உறுப்பு: முன்னால் நீளம், பிறகு வாசகம், கடைசியில் ஒரு புதுவரிக் குறி. நீளம் புதுவரிக் குறியையும் சேர்த்துத்தான். அது 127 வரை ஒரே பைட், அதைத் தாண்டினால் இரண்டு பைட்.

இரண்டு முனைகளும் முதலில் ‘/மல்ட்டிஸ்ட்ரீம்/1.0.0’ என்று அனுப்புகின்றன. (நெறிமுறைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கம்பியில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகள்.) அது 18 பைட், புதுவரியோடு 19. ஆக முதல் பைட்டின் மதிப்பு 19, பதினாறடிமானத்தில் 13. பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும்போது இந்த 13 தெரிந்தால் எதிரே இருப்பது லிப்பி2பி என்று நம்பலாம்.

அடுத்து, அழைத்த முனை ஒரு பெயரை முன்வைக்கிறது. உதாரணமாக ‘/நாய்ஸ்’; டிஎல்எஸ் போல இதுவும் பேச்சைக் குறியாக்கிப் பாதுகாக்கும் ஒரு முறை. கேட்கும் முனைக்கு அது தெரிந்தால் அதே பெயரை அப்படியே திருப்பிச் சொல்லும். தெரியாவிட்டால் ‘என்ஏ’ என்ற இரண்டெழுத்து, புதுவரியோடு மூன்று பைட். உடனே அழைத்தவர் தன் பட்டியலில் அடுத்த பெயரைச் சொல்வார். பட்டியல் தீர்ந்தால் கதை முடிந்தது.

ஏலக் கூடத்தில் இரண்டு பக்கமும் விலையை ஏற்றி இறக்குவது போன்ற பேரம் இங்கே கிடையாது. விருப்ப வரிசை அழைத்தவருடையது மட்டும். கேட்கும் முனை ‘இதைவிட நல்லது என்னிடம் இருக்கிறது’ என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் பாம்பன் தொண்டியை அழைத்தால் டிஎல்எஸ், தொண்டி பாம்பனை அழைத்தால் நாய்ஸ் என்று ஒரே ஜோடிக்குள் இரண்டு விதம் வரலாம். பிழை தேடும்போது ‘யார் யாரை அழைத்தார்’ என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்வது நல்லது.

டிசிபி என்ற வழக்கமான இணைப்பு முறையின் மேல் இந்தப் பேச்சு மூன்று தடவை நடக்கிறது. முதலில் பாதுகாப்பு: நாய்ஸா, டிஎல்எஸ்ஸா. அந்த ஹேண்ட்ஷேக் (சாவி பரிமாறிக்கொள்ளும் தொடக்கப் பேச்சு) முடிந்ததும் குறியாக்கத்துக்குள்ளே இரண்டாவது பேச்சு. அது ஒரே இணைப்பில் பல ஸ்ட்ரீம்களை ஓட்டும் மக்ஸர் எது என்பதற்கு, பொதுவாக ‘/யாமக்ஸ்/1.0.0’. அதன்பின் திறக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரீமிலும் மூன்றாவது பேச்சு, எந்தப் பயன்பாட்டு நெறிமுறை என்று. பிங், ஐடென்டிஃபை, நம் விலை நெறிமுறை எல்லாம் இந்த மூன்றாவது அடுக்கில் வருகின்றன.

சுற்றுக் கணக்கு

ஒரு செய்தி போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரத்தை ஒரு சுற்று என்போம். 200 மில்லிவிநாடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். டிசிபி திறக்க ஒரு சுற்று, பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்க ஒன்று, நாய்ஸ் ஹேண்ட்ஷேக்குக்கு ஒன்று, மக்ஸருக்கு ஒன்று, ஸ்ட்ரீமுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து. விலை கேட்கும் முதல் பைட் கிளம்பவே 1 விநாடி போய்விட்டது. நாய்ஸில் மூன்று செய்திகள் உண்டு என்றாலும் மூன்றாவதை அழைத்தவர்தான் அனுப்புகிறார். அதன் வாலிலேயே மக்ஸர் பெயரையும் கட்டி அனுப்பலாம் என்பதால் அது ஒரே சுற்றில் அடங்குகிறது.

இந்த ஐந்து, ‘/மல்ட்டிஸ்ட்ரீம்/1.0.0’ என்ற தலைப்பையும் முதல் பெயரையும் ஒரே மூச்சில் அனுப்பும் செயலாக்கத்துக்கு. சொந்தமாக எழுதும்போது ‘தலைப்பு வரட்டும், பிறகு பெயர் சொல்வோம்’ என்று காத்திருந்தால் மூன்று அடுக்கிலும் ஒவ்வொரு சுற்று கூடும். எட்டுச் சுற்று, 1.6 விநாடி. பெயர் சொல்ல எதிர்முனையின் தலைப்புக்காகக் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

குறைக்க இரண்டு வழி உண்டு. பாதுகாப்பு ஹேண்ட்ஷேக்குக்குள்ளேயே மக்ஸர் பெயர்களையும் கொடுத்துவிடுவது ஒன்று. டிஎல்எஸ்-ல் அது ஏஎல்பிஎன் நீட்சி வழியாக நடக்கிறது. நாய்ஸில் ஹேண்ட்ஷேக்கோடு போகும் கூடுதல் புலம் வழியாக. இரண்டு பக்கமும் இதை அறிந்திருந்தால் ஒரு சுற்று மிச்சம். ஒரு பக்கம் மட்டும் அறிந்திருந்தால் பழையபடி மல்ட்டிஸ்ட்ரீம் பேச்சே நடக்கும், இணைப்பு கெடாது.

மற்றது க்விக். 2021-ல் ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. டிசிபிக்குப் பதில் யுடிபி மேல் ஓடுகிறது, டிஎல்எஸ் 1.3 உள்ளேயே இருக்கிறது, ஸ்ட்ரீம்களும் அதற்குச் சொந்தமாகவே உண்டு. எனவே முதல் இரண்டு பேச்சும் தேவையே இல்லை. ஹேண்ட்ஷேக்குக்கு ஒரு சுற்று, ஸ்ட்ரீம் பேச்சுக்கு ஒன்று. 400 மில்லிவிநாடியில் வேலை ஆரம்பம். டவர் மாறி டிசிபி இணைப்பு அறுந்து மறுபடி மறுபடி கட்ட வேண்டிய இடத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனாலும் க்விக்கை மட்டும் நம்பி டிசிபியை எடுத்துவிடாதீர்கள். யுடிபியை மறிக்கும் வைஃபை இருக்கத்தான் செய்கிறது. முகவரியில் ‘/க்விக்-வி1’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ‘/க்விக்’ என்பது அந்த ஆவணத்துக்கு முந்தைய வரைவு 29-ஐக் குறிக்கும் பழைய பெயர்; புதிய கோ வெளியீடுகளில் அது கிடையாது.

எழுத்துப் பிசகினால் என்ஏ

பெயர் ஒப்பீடு பைட்டுக்குப் பைட். ‘1.0’ வேறு, ‘1.0.0’ வேறு. கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் என்ஏ. ரஸ்ட் செயலாக்கம் பெயர் சாய்கோட்டில் தொடங்கவில்லை என்றால் அதைச் செல்லாத பெயர் என்று தள்ளிவிடும். கோ அப்படிக் கேட்பதில்லை. கோ முனைகளுக்குள் மாதக்கணக்கில் ஓடிய பெயர், முதல் ரஸ்ட் முனை சேர்ந்த அன்று விழுவதற்கு இது போதும்.

தமிழில் பெயர் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். யுடிஎஃப்-8-ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘/கொண்டல்/1.0.0’ என்று தமிழிலேயே வைத்தால் ‘கொண்டல்’ என்பது க, ொ, ண, புள்ளி, ட, ல, புள்ளி என்று ஏழு குறியீடு, 21 பைட். மற்ற ஏழு எழுத்தும் புதுவரியும் சேர்த்து 29. நீளத்தை எழுத்து எண்ணிக்கையாகக் கணக்கிடும் நிரல் இங்கே தப்பான எண்ணை அனுப்பும். எதிர்முனை பாதி வாசித்துவிட்டு, கடைசிப் பைட் புதுவரி இல்லை என்று இணைப்பை முறிக்கும்.

இதைவிடப் பொல்லாதது ஒகரம். ‘ொ’ என்பதை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’ என்ற கொம்பும் ‘ா’ என்ற காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். கம்பியில் ஒன்று 29 பைட், மற்றது 32. ஒரு விசைப்பலகையில் அடித்த பெயரும் வேறொன்றில் அடித்த பெயரும் என்றைக்கும் பொருந்தாது. நிரலின் பதிவேட்டில் (லாக்) ‘கொண்டல் ஆதரிக்கப்படவில்லை’ என்று வரும். கண்முன்னே கொண்டல் இருக்கும். ஓ, ஔ வரிசைகளுக்கும் இதே கதி. திரையில் காட்டும் பெயர் தமிழில் இருக்கட்டும். கம்பியில் போகும் பெயர் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருப்பதே பத்திரம். தமிழ்தான் வேண்டும் என்றால் பெயரை ஒரே ஒரு மாறிலியாக ஒரே கோப்பில் வைத்து, எல்லா முனைகளும் அதையே எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

ஒத்துக்கொண்ட பிறகு உடைந்தால்

பலரும் தவறாக நினைக்கும் இடம் இது. டிஎல்எஸ், நாய்ஸ் இரண்டையும் பட்டியலில் வைத்திருக்கிறோம், ஒன்று உடைந்தால் மற்றது பிடித்துக்கொள்ளும் என்று எண்ணுகிறோம். அப்படி நடக்காது. அடுத்த பெயருக்குப் போவது என்ஏ வந்தால் மட்டும்தான். ‘/டிஎல்எஸ்/1.0.0’ என்று சொல்லி, எதிர்முனையும் சரி என்று திருப்பிச் சொல்லி, அதன்பின் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக் உடைந்தால் அந்த இணைப்பே போய்விடும். மறுபடி அழைத்தாலும் அதே வரிசை, அதே முறிவு.

தடைக்காலம் இதை வாசலுக்கே கொண்டுவந்துவிடும். ராஸ்பெர்ரி பை 4 வரை உள்ள பலகைகளில் கடிகார பேட்டரி கிடையாது. பை 5-ல் கடிகாரம் உண்டு, பேட்டரியை நாம்தான் வாங்கி மாட்ட வேண்டும். ஏப்ரல் 14 அன்று அணைத்த பை ஜூன் 15 அன்று உயிர் பெறும்போது, இணையத்திலிருந்து நேரம் கிடைக்கும்வரை இன்னும் ஏப்ரல் 14 என்றே நினைத்துக்கொண்டிருக்கும். கோ செயலாக்கத்தில் ஒவ்வொரு முனையும் நிரல் தொடங்கும்போது தனக்கொரு டிஎல்எஸ் சான்றிதழைத் தயாரிக்கிறது. அதன் தொடக்க நேரம் அந்தக் கணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். தொண்டி முனையை மே மாதம் ஒருமுறை மறுதொடக்கம் செய்திருந்தால், ஏப்ரலில் நிற்கும் பாம்பன் பைக்கு அந்தச் சான்றிதழ் ‘இன்னும் பிறக்கவே இல்லை’. யார் யாரை அழைத்தாலும் பாம்பன்தான் முறிக்கும். க்விக்கும் டிஎல்எஸ் மேல்தான் நிற்கிறது, எனவே அதுவும் விழும். நாய்ஸ் நேரத்தைப் பார்ப்பதே இல்லை. நாய்ஸ் மட்டும் வைத்திருக்கும் முனைகளோடு பேச்சு நடக்கும், மற்றவற்றோடு நடக்காது. இந்தப் பாதிப் பாதி நிலைதான் ஆளைக் குழப்பும்.

தீர்வு சின்னது. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றை நான்கு கம்பியில் இணையுங்கள்: பின் 1-ல் 3.3 வோல்ட், 3-லும் 5-லும் தகவல் கம்பிகள், 9-ல் எர்த். உப்புக் காற்றில் பின்கள் பச்சை பூக்கும். சொருகும் கம்பியை விட சால்டரிங் செய்வது நிலைக்கும். மாட்யூல் இல்லையென்றால், நேரம் ஒத்திசைந்த பிறகே லிப்பி2பி சேவை தொடங்கும்படி, சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி-யில் டைம்-சிங்க் இலக்கைச் சார்பாக வையுங்கள். அதற்குக் காத்திருக்கும் டைம்-வெயிட்-சிங்க் சேவையையும் இயக்கினால்தான் இந்த ஏற்பாடு வேலை செய்யும்.

பாதுகாப்பு அடுக்கில் இன்னொரு முறிவு, அடையாளம் பொருந்தாமை. முகவரியின் கடைசியில் இருக்கும் பியர் ஐடியும் (முனையின் சாவியிலிருந்து பிறக்கும் அடையாளம்) ஹேண்ட்ஷேக்கில் வரும் சாவியும் ஒத்துப்போக வேண்டும். மின்வெட்டில் எஸ்டி கார்டு கெட்டு, புது கார்டில் மென்பொருளை ஏற்றினால் புதுச் சாவி, புது ஐடி. பழைய முகவரியை வைத்திருப்பவர்கள் யாரும் நுழைய முடியாது. சாவிக் கோப்பை வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்திருந்தால் இது வராது.

‘/பிளெயின்டெக்ஸ்ட்/2.0.0’ சோதனைக்கு மட்டும். முதல் பேச்சு திறந்த கம்பியில் நடக்கிறது. நடுவில் இருக்கும் ஒருவர் நாய்ஸுக்கும் டிஎல்எஸ்ஸுக்கும் என்ஏ என்று தானே பதில் போட்டு உங்களைக் குறியாக்கம் இல்லாத பாதைக்குத் தள்ளலாம். பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் தள்ள இடமில்லை.

மக்ஸர் அடுக்கில் என்ஏ வந்தால், பெரும்பாலும் ஒரு பக்கம் பழைய ‘/எம்ப்ளெக்ஸ்/6.7.0’ மட்டும் வைத்திருக்கும். அதைத் திரும்ப இரு பக்கமும் சேர்த்து ஒப்பேற்ற வேண்டாம். எம்ப்ளெக்ஸில் வரத்தைக் கட்டுப்படுத்தும் வழியே இல்லை. வாசிக்கும் பக்கம் மெதுவாக இருந்தால் நினைவகம் நிரம்பிக்கொண்டே போகும், 512 எம்பி உள்ள பை ஜீரோ 2 டபிள்யூ தாங்காது. யாமக்ஸில் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் 256 கேபி சாளரம் என்று ஆரம்பிக்கும். அதைத் தாண்டி அனுப்ப எதிர்முனை இடம் கொடுக்க வேண்டும்.

முன்கூட்டியே நம்பிப் பேசுவது

இணைப்பு அமைந்ததும் இரண்டு முனைகளும் ‘/ஐபிஎஃப்எஸ்/ஐடி/1.0.0’ என்ற ஐடென்டிஃபை வழியாகத் தங்கள் நெறிமுறைப் பட்டியலை, மென்பொருள் பதிப்பை, முகவரிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. கோ இதைச் சேமித்து வைக்கிறது. அடுத்து ஸ்ட்ரீம் திறக்கும்போது எதிர்முனைக்குத் தெரியும் என்று பட்டியலில் உள்ள பெயரையே எடுத்து, பதிலுக்குக் காத்திராமல் தரவையும் சேர்த்தே அனுப்பிவிடும். ஸ்ட்ரீம் பேச்சின் ஒரு சுற்று மிச்சம். ரஸ்ட்டிலும் முன்வைக்க ஒரே ஒரு பெயர்தான் இருக்கும்போது இப்படிச் செய்யத் தனி அமைப்பு உண்டு.

சேமித்த பட்டியல் பழசாகிப் போனால் இது திரும்பித் தாக்கும். எதிர்முனை பழைய பதிப்புக்கு இறக்கப்பட்டிருந்தால், நம் தரவு போய்ச் சேர்ந்த பிறகே என்ஏ வரும். ஸ்ட்ரீம் திறந்தது, எழுதியது, பிழை இல்லை என்று நிரல் நினைத்திருக்கும்; முதல் வாசிப்பில்தான் உடையும். எனவே ‘எழுத முடிந்தது’ என்பதை ‘போய்ச் சேர்ந்தது’ என்று எண்ணாதீர்கள். விலைச் செய்திக்கு எதிர்முனையிடமிருந்து ஒரு சின்ன ஒப்புதல் வாசித்த பிறகே அனுப்பியதாகக் குறியுங்கள். தோற்றால் அந்த முனையின் சேமித்த பட்டியலை அழித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஒவ்வொரு விலைக்கும் ஒரு புது ஸ்ட்ரீம் என்று எழுதுபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். தலைப்பு 20 பைட். 18 எழுத்துள்ள நெறிமுறைப் பெயர், நீளமும் புதுவரியும் சேர்த்து 20. எதிர்த்திசையிலும் அதே 40. யாமக்ஸ் சட்டத் தலைப்பு ஒவ்வொன்றுக்கும் 12. உள்ளே போகும் விலை 30 பைட். ஏல நேரத்தில் நிமிடத்துக்குப் பல விலை வரும் என்றால் ஒரே ஸ்ட்ரீமைத் திறந்து வைத்து, ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் நீளத்தைப் போட்டு வரிசையாக அனுப்புவதே சரி.

ரிலே, நாட், இரு பக்கமும் அழைப்பு

மொபைல் சிம்மில் கிடைக்கும் ஐபிவி4 முகவரி 100.64-லிருந்து 100.127 வரைக்குள் இருந்தால், நிறுவனம் பலருக்குப் பங்கிட்ட முகவரி அது; இந்தப் பங்கீட்டைத்தான் நாட் என்கிறார்கள். வெளியிலிருந்து நேராக அழைக்க முடியாது. எனவே பொது முகவரியோடு நடுவில் நின்று பைட்களைக் கடத்திவிடும் ஒரு ரிலே வேண்டும். ரிலே வழியாகப் போகும் இணைப்பிலும் இரண்டு முனைகளுக்கு இடையே பாதுகாப்பு, மக்ஸர், ஸ்ட்ரீம் என்று மூன்று பேச்சும் மறுபடி நடக்கின்றன. ரிலேயால் உள்ளே பார்க்க முடியாது, அது நல்லது. ஆனால் ஒவ்வொரு சுற்றும் ரிலேக்குப் போய் வரும் நீளம். கோ ரிலேயின் இயல்பு வரம்பு ஓர் இணைப்புக்கு 2 நிமிடம், 128 கேபி. சரியாக இரண்டு நிமிடத்தில் இணைப்பு அறுகிறது என்றால் தேட வேண்டாம், அதுதான் காரணம்.

அந்த இரண்டு நிமிடத்துக்குள் நேரடிப் பாதையைத் துளைக்க டிசியுடிஆர் என்ற லிப்பி2பி நெறிமுறை முயலும். தங்கச்சிமடத்து போன் ரிலே வழியாகப் பாம்பன் பையை அழைத்தது என்றால், பை ஒரு ஸ்ட்ரீம் திறந்து முகவரி பரிமாறி, சுற்று நேரத்தை அளந்து, ‘இப்போது’ என்று சொல்லும். சொல்லிவிட்டு அரைச் சுற்று காத்திருந்து அழைக்கும். போன் அந்தச் சொல் கிடைத்த உடனே அழைக்கும். டிசிபியில் இரண்டு அழைப்பும் நடுவழியில் சந்தித்து ஒரே இணைப்பாகிவிடும். இப்போது யார் அழைத்தவர்? விதி தெளிவாக இருக்கிறது: போன் அழைத்தவர், பை கேட்பவர்.

சொந்தமாகத் துளைக்கும் நிரல் எழுதி இந்த விதியை விட்டுவிட்டால் நடப்பது விசித்திரமாக இருக்கும். இரண்டும் தலைப்பு அனுப்பும், இரண்டும் ‘/நாய்ஸ்’ என்று முன்வைக்கும். எதிரே வரும் ‘/நாய்ஸ்’ஸைத் தன் கேள்விக்கு ஒப்புதல் என்று இரண்டுமே படித்துக்கொள்ளும்! பேச்சு வெற்றி என்று பதிவாகும். உடனே இரண்டும் நாய்ஸின் முதல் செய்தியை அனுப்பும். இரண்டாவது செய்திக்குக் காத்திருக்கும் இடத்தில் 32 பைட் சாவி மட்டும் வந்து நிற்கும். ஹேண்ட்ஷேக் பிழை. பார்ப்பவர் நாய்ஸ் நூலகத்தைக் குற்றம் சொல்வார். கோளாறோ அதற்கு ஓர் அடி முன்னால், யார் அழைத்தவர், யார் கேட்பவர் என்று பிரிக்காத இடத்தில்.

தனியார் வலையமைப்புக்கு முன்பகிர்ந்த சாவி போடுபவர்களுக்கு: அந்த 32 பைட் சாவியின் குறியாக்கம் மல்ட்டிஸ்ட்ரீமுக்கும் கீழே உட்காருகிறது. முதலில் 24 பைட் தற்செயல் எண் போகும். ஒரு முனையில் சாவி இல்லையென்றாலோ வேறு சாவி என்றாலோ, கிடைக்கும் குப்பை பைட்டை நீளம் என்று வாசித்து, ‘செய்தி மிகப் பெரிது’ என்று முறியும், அல்லது வராத பைட்டுகளுக்காகக் காத்திருந்து நேரம் கடக்கும். இந்த ஏற்பாட்டில் க்விக் வேலை செய்யாது, டிசிபி மட்டுமே.

எங்கே உடைந்தது என்று பார்க்க

நெட்கேட் கருவியில் முனை கேட்கும் போர்ட்டை, உதாரணமாக 4001-ஐ, தொட்டுப் பாருங்கள். கோ முனை என்றால் ஒன்றும் கேட்காமலே ‘/மல்ட்டிஸ்ட்ரீம்/1.0.0’ என்று காட்டும். ரஸ்ட் முனை நீங்கள் முதலில் தலைப்பை அனுப்பும்வரை மௌனமாக இருக்கும், அது கோளாறு அல்ல. பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் திறந்த எழுத்தாகத் தெரிவது முதல் பேச்சு மட்டுமே. அங்கே என்ஏ கண்டால் பொதுவான பாதுகாப்பு நெறிமுறை இல்லை. ‘/நாய்ஸ்’ இரண்டு திசையிலும் போய், அதன்பின் சில பாக்கெட்டில் அறுந்தால் ஹேண்ட்ஷேக் அல்லது மக்ஸர். இனி பாக்கெட்டில் ஒன்றும் தெரியாது, பதிவேட்டை டீபக் நிலைக்கு ஏற்றிப் பாருங்கள். இணைப்பு அமைந்து, பிங் ஓடி, உங்கள் ஸ்ட்ரீம் மட்டும் உடைந்தால் எதிர்முனையின் ஐடென்டிஃபை பட்டியலை அச்சிட்டு உங்கள் பெயரோடு பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். கோ-வில் ஸ்ட்ரீம் பேச்சுக்கு இயல்பான காலக்கெடு 10 விநாடி. துல்லியமாகப் பத்தாவது விநாடியில் விழுந்தால் என்ஏ வரவில்லை, பதிலே வரவில்லை என்று அர்த்தம்.

பதிப்பு மாற்றும் நாள்

எல்லா மாற்றத்துக்கும் புதுப் பெயர் தேவையில்லை. செய்தியைப் பைட்டாக்கும் புரோட்டோபப் வடிவத்தில் விருப்பப் புலம் ஒன்றைச் சேர்த்தால் பழைய முனை அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் விலைப் புலம் ரூபாயிலிருந்து பைசாவுக்கு மாறினாலோ, கிலோ விலை பெட்டி விலையானாலோ, வடிவம் அப்படியே இருந்தும் பொருள் மாறிவிட்டது. அதற்குக் கட்டாயம் புதுப் பெயர், 1.1.0 அல்ல, 2.0.0.

கோ-வில் பெயரை நிரலால் பொருத்திப் பார்க்கும் வசதி உண்டு. 1-ல் தொடங்கும் எதையும் ஏற்றுக்கொள் என்று எழுதலாம். அதைத் தவிர்ப்பது நல்லது. அழைத்தவர் 1.3.0 என்று சொன்னால், 1.0.0 மட்டுமே தெரிந்த முனையும் ‘1.3.0’ என்றே திருப்பிச் சொல்லும். எதிரே உள்ளவருக்கு 1.3.0 தெரியும் என்று அழைத்தவர் நம்பிவிடுவார். ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி ஹேண்ட்லர் (அந்தப் பெயரில் வரும் ஸ்ட்ரீமைக் கவனிக்கும் நிரல்பகுதி) பதிவு செய்து, அழைக்கும்போது புதியது முதலில், பழையது அடுத்து என்று கொடுங்கள். பழைய முனையிடம் ஓர் என்ஏ, ஒரு சுற்று கூடுதல், அவ்வளவுதான் செலவு. ஐந்து பதிப்பை வரிசையில் வைத்தால் அது நான்கு சுற்று வரை ஆகலாம், எனவே இரண்டுக்கு மேல் சேரவிடாதீர்கள்.

பழைய ஹேண்ட்லரை எப்போது நீக்குவது? அதற்கு எண்ணிக்கை வேண்டும். பழைய பெயரில் வந்து ஒப்புக்கொள்ளப்பட்ட ஸ்ட்ரீம் ஒவ்வொன்றையும் நாள்வாரியாக, பியர் ஐடியோடு பதியுங்கள். ஆனால் மே மாதத்தில் இந்த எண்ணிக்கை பூஜ்யம் காட்டும், அதை நம்பக் கூடாது. விசைப்படகுகள் கரையில், கொட்டகை பூட்டில், பழைய பதிப்பைச் சுமந்த கருவிகள் மின்சாரம் இல்லாமல் கிடக்கின்றன. ஜூன் 15-க்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக விழிக்கும். எல்லாம் முதல் நாளே விழிப்பதில்லை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு போகும் நாள் ஒன்று, நாட்டுப்படகு போகும் நாள் ஒன்று; சில கருவிகள் வாரத்தில் மூன்று நாள்தான் ஓடும். எனவே ஏப்ரல் தொடக்கத்தில் இருந்த பியர் ஐடி பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஜூலை மூன்றாம் வாரம் வரை அவற்றில் ஒவ்வொன்றும் ஐடென்டிஃபையில் புதுப் பெயரைக் காட்டிவிட்டதா என்று டிக் அடித்துக்கொண்டு வாருங்கள். டிக் விழாத ஐடிக்கு உரியவரை நேரில் கேட்டு, கருவி பழுதா, கைமாறிவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகு பழைய ஹேண்ட்லரை எடுங்கள்.